ரபதாவின் மணல்மேடு

மதீனாவிலிருந்து சுமார் 200 கிலோ மீட்டர் தொலைவில் பாலைவெளியில் சிதைந்து கிடக்கிறது ரபதா. கூஃபாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வருவோர் தங்கிச் சென்ற சிற்றூர். 1979 முதல் நடந்த அகழாய்வில் பள்ளிவாசலும் வீடுகளும் நீர்த்தொட்டிகளும் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தவை. நம் மனம் தேடுவதோ ஒரு மணல்மேட்டை!

ஹிஜ்ரி 32. செல்வக் குவிப்பைக் கடிந்துரைத்த நபித்தோழர் அபூதர் கிஃபாரீ (ரலி) முதுமையில் இங்கே மரணப் படுக்கையில் இருந்தார்கள். கஃபனிடவும் துணியில்லையே என மனைவியார் அழுதார்கள். தோழர் சிலரிடையே, "உங்களில் ஒருவர் பாலையில் மரணிப்பார்; முஃமின்களின் கூட்டமொன்று அங்கு வரும்" என்ற கருத்தில் நாயகம் (ஸல்) முன்னறிவித்திருந்தார்கள். மற்றவர்கள் ஊர்களிலேயே மறைந்துவிட, எஞ்சியவர் இவர் ஒருவரே. ஆகவே, "பாதையைப் பாரும்" என்றார்கள்.

ஹாஜிகள் போய், பாதை வெறிச்சோடிய காலம். அம்மையார் மேட்டில் ஏறிப் பார்ப்பார்கள்; இறங்கி வந்து கணவருக்குப் பணிவிடை செய்வார்கள்; மீண்டும் ஏறுவார்கள். எத்தனை முறையோ!

இறுதியில் பயணக் கூட்டம் வந்தது. அதிகாரப் பதவி வகித்த எவரும் தமக்குக் கஃபனிடலாகாது என்றார்கள் அபூதர் (ரலி). தகுதியுடன் எஞ்சியவர் ஓர் அன்சாரி இளைஞர். அவரது பையில் அவருடைய தாயார் நூற்ற இரண்டு துணிகள் இருந்தன.