உதட்டு வெடிப்பும் ஒரு தவக்காலமும்

மார்கழி பிறந்து பனி இறங்கத் தொடங்கினால், எங்கள் வீட்டில் முதலில் வெடிப்பவை என் இளைய மகனின் உதடுகளே. ஒரு பக்கம் சிறுமலையும் மறுபக்கம் கொடைக்கானல் மலைத்தொடரும் நிற்கும் திண்டுக்கல் சீமையில், அந்நாட்களின் அதிகாலைக் காற்று தோலை உரித்துவிடும். 2008ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்காகப் பங்கின் பாலர் பாடற்குழுவில் அவனைச் சேர்த்திருந்தோம். அப்போது அவனுக்கு ஏழு வயது. உச்சத்தில் பாட வாயைத் திறந்தால் கீழுதட்டின் நடுவே பிளந்து இரத்தம் கசியும். எரிச்சல் தாங்காமல் நொடிக்கொரு முறை நாவால் நக்கிக்கொள்வான். நக்க நக்க, வாயைச் சுற்றிக் கரியால் மீசை வரைந்தாற்போல ஒரு கருஞ்சிவப்பு வளையமே விழுந்துவிட்டது.

அதற்கு வைத்தியம் பார்த்தவர் என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார். இரவில் குடும்பச் செபமாலை முடிந்ததும் பேரனை மடியில் கிடத்தி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உதட்டை ஒற்றியெடுத்து, சுண்டுவிரல் நுனியில் நெய்யைத் தொட்டுத் தடவிவிடுவார். "எச்சிலும் ஈரந்தானேன்னு நெனைக்காதே ராசா. அது சோத்தைக் கரைக்கிற தண்ணி. உதட்டையும் கரைச்சுப்புடும்" என்பார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அத்தை சொன்னது அப்படியே உண்மை என்பதைப் பிறகு மருத்துவர் ஒருவர் வாயிலாகவே அறிந்தேன். நம் உடலின் மற்ற இடங்களில் தோலுக்கடியிலுள்ள சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைச் சுரந்து தோலை மெழுகிக் காக்கின்றன. உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பிகள் கிடையா. எண்ணெய்ச் சுரப்பிகளும் அநேகமாக இல்லை. மேற்தோலோ மிகவும் மெல்லியது. ஆகவே உள்ளிருக்கும் ஈரம் எளிதாக வெளியேறிவிடுகிறது. நாவால் நக்கும்போது கணநேரம் குளுமையாக இருக்கும். அந்த எச்சில் உலரும்போது உதட்டின் சொந்த ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாவுப் பொருளைச் செரிப்பதற்காக எச்சிலில் இறைவன் வைத்திருக்கும் நொதிகள், வெடித்த தோலின்மேல் பட்டால் அதை மேலும் புண்ணாக்குகின்றன. எனவே உதடு வெடிக்கிறதே என்று நக்குகிறோம்; நக்குவதாலேயே அது மேலும் வெடிக்கிறது.

எங்கள் மகனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சளியால் மூக்கடைத்து, இரவு முழுவதும் வாயைத் திறந்துகொண்டு உறங்குவான். மூக்கைச் சரிசெய்யாமல் உதட்டுக்கு மட்டும் நெய் தடவுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போலத்தான்.

நெய்க்குப் பதிலாக வாசலின் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகத் தடவலாம். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளில் அப்பிக்கொண்டு வேலையாட்களுக்குத் தொல்லை தந்த ஒரு மெழுகிலிருந்து, ராபர்ட் செசுபுரோ என்னும் வேதியியலார் பிரித்தெடுத்து, 1872இல் காப்புரிமை பெற்ற பொருள் அது. அது உதட்டுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை; இருக்கிற ஈரம் போகாமல் மூடி வைக்கிறது. ஆகையால் காய்ந்த உதட்டில் தடவுவதைவிட, நீரால் நனைத்து ஒற்றியபின் தடவுவதே பலன் தரும். அத்தையின் ஈரத்துணிக்கும் நெய்க்கும் பொருள் இதுதான். கடைகளில் விற்கும் உதட்டுக் களிம்புகளில் பச்சைக் கற்பூரமோ புதினாச் சத்தோ கலந்தவை சில்லென்று இருக்கும். அந்தச் சில்லிப்பே சிலருக்கு எரிச்சலாகி மறுபடியும் நக்க வைக்கும். சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துத் தேய்த்தால் உதடு மெருகேறும் என்று யாரோ சொல்ல, என் நாத்தனார் மகள் தேய்த்துக்கொண்டு இரண்டு நாள் பாயசம்கூடக் குடிக்க முடியாமல் தவித்தாள். உரிந்து தொங்கும் தோலைப் பிய்ப்பதும் வேண்டாத வேலை.

பொங்கல் கழிந்தது. மகனின் உதடு ஆறியது. அந்த வீட்டில் இன்னொருவருடைய உதடும் வெடித்துக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

2009ஆம் ஆண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 25ஆம் நாள் வந்தது. சாம்பல் பூசிக்கொண்டு வீடு திரும்பியதும், "இந்தத் தவசு நாள் முழுக்கக் காரம் தொடப்போறதில்லை அம்மா. எனக்குக் கஞ்சியே போதும்" என்று அத்தை அறிவித்தார். ஆண்டுதோறும் ஏதாவது ஒறுத்தல் செய்வது அவர் வழக்கம். ஓராண்டு காப்பியை விட்டார். ஓராண்டு வெற்றிலையை விட்டார். எனவே எனக்கு வியப்பேதும் எழவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூரச் சிறிது நிம்மதிகூட எழுந்தது. அவருக்கென்று தனிக் குழம்பு வைக்க வேண்டியதில்லை அல்லவா? வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து பெண்கள் கூடி நிற்கையில், "எங்கள் அத்தை 40 நாளும் காரம், புளி எதுவும் தொடமாட்டார்கள்" என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

நாளாக நாளாகக் கஞ்சியும் குறைந்தது. கொட்டாவி வந்தால் அத்தை கையால் வாயை அழுத்திக்கொள்வார். பேச்சு குறைந்தது. சிரிப்பதே இல்லை. தவக்காலத்திற்கு ஏற்ற மௌனம் என்று என் கணவர் எண்ணினார். நான் எதையும் எண்ணவில்லை. சமையலும் பிள்ளைகளின் தேர்வும் என் நினைவை நிறைத்திருந்தன.

பெரிய வெள்ளியன்று மாலை வழிபாட்டில், திருச்சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அத்தை. பீடச்சிறுவன் ஒவ்வொருவருக்கும் பிறகு துணியால் பாடுபட்ட சுரூபத்தின் திருப்பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அத்தையின் முறை வந்தபோது அவர் முழந்தாளிட்டார், குனிந்தார், முத்தி செய்யவில்லை. நெற்றியை மட்டும் அந்தப் பாதங்களில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். பின்னர் நற்கருணை வாங்கும்போது வாயை அரையங்குலம் திறப்பதற்குள் அவர் கண்களில் நீர் முட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பக்திக் கண்ணீர் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் உட்காரவைத்து, "அத்தை, வாயைக் காட்டுங்கள்" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு காட்டினார். இரண்டு கடைவாய்களும் பிளந்து, வெண்மையாக ஊறி, ஓரங்களில் மஞ்சள் பொருக்குத் தட்டியிருந்தன. "எத்தனை நாளாக?" என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடியே அம்மா. சின்னவன் உதட்டுக்கு நெய் தடவுறப்ப நானும் கொஞ்சம் தடவிக்கிட்டேன். கேக்கலை" என்றார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "உதட்டுப் புண்ணுக்கு யாராவது ஆசுபத்திரிக்குப் போவாங்களா? காரம்தான் எரியுது, தவசோட தவசா இருக்கட்டும்னு விட்டுட்டேன்." சற்று நேரம் கழித்து, "ஊர் முத்துற சிலுவையிலே என் புண்ணு படலாமா?" என்றும் சொன்னார்.

என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் உடற்சூடு என்றார். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் கொடுக்கச் சொன்னார். நத்தத்திலிருந்து வந்திருந்த மாங்காய்களின் பால் பட்டிருக்குமோ என்று நான் ஐயுற்றேன். மாங்காய்க் காம்பின் பாலும் தோலும் சிலருக்கு உதட்டைப் புண்ணாக்குவது உண்மையே. ஆயினும் பொங்கலுக்கு முன்பு மாங்காய் ஏது?

உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்களன்று மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கடைவாய்ப் புண் என்றால் ரிபோஃபிளேவின் என்னும் பி2 உயிர்ச்சத்துக் குறைவு என்று பள்ளியில் படித்த நினைவில், அதையே நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்கள் சொல்வதும் நம் ஊர் வரலாறுதான் அம்மா" என்று தொடங்கி, நமது குன்னூரிலிருந்த உணவியல் ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் இதை ஆராய்ந்து 1936இல் கட்டுரை வெளியிட்டதைச் சொன்னார். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி, பாலும் முட்டையும் கீரையும் போதாமல் வளரும் பிள்ளைகளுக்கு வாயோரம் வெடிப்பது இதனால்தான். அந்த ஆய்வுக்கூடம் பிற்பாடு ஐதராபாத்துக்கு மாறிவிட்டது. "ஆனால் உங்கள் அத்தைக்கு அது மட்டும் காரணமாக இராது. பல்செட்டைக் கழற்றுங்கள் பார்க்கலாம்" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்ட பிறகே கழற்றினார்.

1997இல் கட்டிய பல்செட்டு அது. பற்களை எடுத்தபின் ஈறின் எலும்பு ஆண்டுக்காண்டு கரைந்து தாழ்ந்துகொண்டே போகுமாம். பல்செட்டும் தேய்ந்துவிட்டால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் அளவுக்கு மேல் நெருங்கி, கடைவாயில் தோல் மடிந்து ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் எச்சில் தேங்குகிறது. எந்நேரமும் ஊறும் தோல் பிளக்கிறது. பிளவில் காளானினத்தைச் சேர்ந்த நுண்ணுயிர் குடியேறுகிறது. அதன் தாய்வீடு பல்செட்டின் உட்புறம். "இரவில் கழற்றி வைக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஓர் இரவுகூட அத்தை கழற்றியதில்லை. பேரப்பிள்ளைகள் பொக்கைவாயைப் பார்த்துப் பயந்துவிடுவார்களாம்.

இரத்தத்தைச் சோதித்ததில் சர்க்கரை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புண் எளிதில் வரும் என்பதால் அதைப் பார்த்தார்கள். ஆனால் ஹீமோகுளோபின் 8 கிராம் மட்டுமே இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறையலாகாது. இரும்புச் சத்துக் குறைந்தாலும் கடைவாய் வெடிக்கும். புண்ணால் உண்ண முடியவில்லை. உண்ணாததால் இரத்தம் குறைந்தது. இரத்தம் குறைந்ததால் புண் ஆறவில்லை. அந்த வட்டத்துக்குள் என் அத்தை மூன்று மாதங்கள் சுற்றியிருக்கிறார், நான் பரிமாறிய கஞ்சித் தட்டின் எதிரிலேயே.

காளானைக் கொல்லும் குளோட்ரைமசோல் களிம்பைப் புண்ணில் தடவக் கொடுத்தார்கள். பல்செட்டின் உட்புறத்துக்கும் மருந்து தந்து, அதை நாள்தோறும் தேய்த்துக் கழுவி, இரவில் நீரில் போட்டு வைக்கச் சொன்னார்கள். இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம். சாப்பிட்டவுடன் காப்பி குடித்தால் உணவிலுள்ள இரும்பு உடலில் சேராது என்பதால், அதை இரண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் அத்தைக்கு இதுவே பெருங்கவலையாயிற்று. பத்தே நாளில் புண் மூடியது. ஆனிமாதத்திற்குள் புதிய பல்செட்டும் கட்டினோம். முதல் இரவு கழற்றியபோது சின்னவன் பயப்படவில்லை. தானும் ஒரு பல் விழுந்தவனாதலால், ஈயென்று இளித்துக் காட்டினான்.

பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னேன். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயதுமுதல் 60ஆம் வயது தொடங்கும்வரைதான் என்றும், அதுவும் திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே என்றும் கூறினார். அத்தைக்கு அப்போது வயது 71. "ஒறுத்தலை அவர் செய்யட்டும். ஆனால் அவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது; எனினும் அவர் சொன்னதில் தவறில்லை.

மருத்துவர் எச்சரித்த ஒன்றையும் இங்கே எழுதாவிட்டால் குறையாகும். உதட்டில், முக்கியமாகக் கீழுதட்டில், ஒரே இடத்தில் வெடிப்போ தடிப்போ வெள்ளைத் திட்டோ தோன்றி இரண்டு, மூன்று வாரங்களாகியும் ஆறாவிட்டால், நெய்யையும் வாசலினையும் நம்பிக் காத்திருக்கலாகாது. புகையிலை அடக்குவோர், பீடி புகைப்போர், நாளெல்லாம் வெயிலில் உழைப்போர் இதில் கவனமாயிருக்க வேண்டும். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய், உதட்டில் இப்படித்தான் வலியில்லாமல் வந்து அமர்கிறதாம்.

2010ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று அத்தை திருச்சிலுவையை முத்தி செய்தார். அன்று அவர் பின்னால் நின்றவள் நான்தான்.

2016இல் அவர் படுக்கையில் விழுந்தார். கடைசி நான்கு நாட்கள் நினைவில்லை. வாய் திறந்தே இருந்தபடியால் உதடுகள் மரப்பட்டை போலக் காய்ந்தன. உறவினர்கள் வழக்கப்படி பாலை ஊற்றக் கரண்டியுடன் வந்தார்கள். நோயாளரைப் பார்க்க வரும் கன்னியர் ஒருவர் தடுத்துவிட்டார். விழுங்க இயலாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்றார். பஞ்சை நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டையும் நாவையும் ஈரப்படுத்தி, மேலே மெல்லிதாக நெய்யோ வாசலினோ பூசச் சொன்னார். மணிக்கொரு முறை அதைச் செய்தவன் சின்னவன். அப்போது அவனுக்கு வயது 15. அடுப்படிக்கு வந்து நெய்க் கிண்ணத்தைக் கேட்டான். சுண்டுவிரல் நுனியால் தொட்டான்.