யூஸுத் தோப்பிலிருந்து பொன்ஸு வரை

பொன்ஸு என்பது எலுமிச்சை இனத்துப் புளிப்புப் பழச்சாற்றில் சோயா சாஸ் கலந்து, கடற்பாசியும் உலர்ந்த மீன் சீவலும் ஊறவைத்து வடிக்கும் ஜப்பானியச் சாறு. தண்ணீரில் வேகவைத்த கோழி, சூடான டோஃபு, பச்சை மீன் துண்டுகள் போன்றவற்றை இதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு காலத்தில் பழம் கிடைக்கும் ஊர்களில் வீட்டுக்கு வீடு செய்துகொண்டதுதான். ஐச்சி மாநிலத்து மிட்ஸ்கான் நிறுவனம் 1964இல் கான்சாய் பகுதியில் சோதனையாக விற்று, 1967இல் 'அஜிபோன்' என்ற பெயரில் நாடெங்கும் கொண்டுபோன பிறகு, பொன்ஸு சீசா ஜப்பானியச் சமையலறையில் நிரந்தர இடம் பிடித்தது.

எந்தப் பழத்தைப் பிழிவது என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது. டோக்குஷிமாவில் பச்சையாகவே பறிக்கும் சிறிய சுதாச்சி. ஓய்டாவில் அதைவிடப் பெரிய கபோசு. பழைய முறைப்படி செய்பவர்களுக்குத் தைதை என்னும் கசப்பு நாரத்தை. எல்லாவற்றிலும் மணத்துக்குப் பெயர்போனது யூஸு. ஜப்பானின் யூஸு விளைச்சலில் ஏறத்தாழப் பாதி, ஷிக்கோக்குத் தீவின் தெற்கிலுள்ள கோச்சி மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே சுஷிச் சோற்றில்கூட வினிகருக்குப் பதில் யூஸுச் சாற்றைக் கலப்பது கிராமத்து வழக்கம்.

அந்த மாநிலத்தின் மலைக் கிராமங்களில் ஒன்று உமாஜி. யசுதா ஆற்றின் இரு கரையிலும் செங்குத்தாக எழும் தேவதாரு மலைகளுக்கு நடுவே, ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர். பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. நெடுங்காலம் மரம் வெட்டுவதே பிழைப்பு. 1911இல் ஓடத் தொடங்கிய காட்டு ரயில் 1963இல் நின்றது. மரத்தொழிலும் படிப்படியாகச் சுருங்கியது. சரிவுகளில் ஏற்கெனவே தானாக வளர்ந்து கிடந்த யூஸு, 1960களில் முறையான பயிராயிற்று.

அறுவடை அக்டோபர் கடைசியில் தொடங்குகிறது. நவம்பர் முழுக்கக் கிராமத்துக்கு ஓய்வு இல்லை. விதை போட்டால் காய்க்கப் பதினெட்டு ஆண்டு ஆகும் என்று ஜப்பானியப் பழமொழி யூஸுவைக் கேலி செய்கிறது. அதனால் முள்நாரத்தைச் செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள். நாலைந்து ஆண்டில் காய்ப்பு வந்துவிடும். ஒட்டுச் செடியிலும் முள் போவதில்லை. விரல் நீளத்துக்கு வளரும் அந்த முள் சாதாரணக் கையுறையைத் துளைத்துவிடும். பறிப்பவர்கள் தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, கிளைக்கு நடுவே கையை நுழைத்துக் கத்தரிக்கோலால் காம்பை வெட்டுகிறார்கள். முதலில் காம்போடு ஒரு வெட்டு. பழம் கைக்கு வந்ததும் காம்பை ஒட்ட இன்னொரு வெட்டு. காம்பு நீட்டிக்கொண்டிருந்தால் கூடையில் பக்கத்துப் பழத்தின் தோலைக் கீறிவிடும். வேலை செய்பவர்களில் முதியவர்களே மிகுதி.

இந்த முதுமைதான் கிராமத்தைப் பொன்ஸு பக்கம் திருப்பியது. பழமாக விற்க வேண்டுமானால் தோலில் தழும்பு இருக்கக் கூடாது. அதற்கு அடிக்கடி மருந்தடிக்க வேண்டும், கிளை கழிக்க வேண்டும். ஆளில்லாத மலைத் தோப்புகளில் அது நடக்கவில்லை. பிழிந்துவிட்டால் தழும்பு ஒரு குறை இல்லை. உள்ளூர் வேளாண் கூட்டுறவுச் சங்கம் சாறு பிழியும் ஆலையை நடத்தி, 1986இல் 'யூஸு நோ மூரா' என்ற பொன்ஸுவை வெளியிட்டது. ஜப்பானியக் கிராமங்களின் பொருள்களுக்காக 1988இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. அஞ்சல் வழி விற்பனை பெருகி, கிராமத்தில் புது வேலைகள் உண்டாயின. பிழிந்த பிறகு மிஞ்சும் தோல் உரமாகிறது. விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அழகுப் பொருள்களுக்குப் போகிறது.

பிழிவதில்தான் தொழிலின் நுணுக்கம் இருக்கிறது. யூஸுவில் சாறு குறைவு, விதை அதிகம். ஒரு பழத்துக்கு 15 முதல் 20 மில்லி கிடைத்தால் நல்ல பழம். மணம் சாற்றில் இல்லை, தோலின் எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. கசப்போ தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியிலும் விதையிலும் இருக்கிறது. மெதுவாக அழுத்தினால் எண்ணெய் இறங்கும். அளவு மீறினால் கசப்பும் சேர்ந்து இறங்கும். ஆலை இயந்திரத்திலும், வீடுகளில் இருந்த மரப்பிழியிலும் இதே கணக்குதான். கையால் பிழிபவர்கள் பாதியாக வெட்டிய பழத்தின் தோல் பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்துப் பிழிகிறார்கள். சாறு தோலைத் தடவிக்கொண்டு வழியும். எண்ணெயும் அதோடு கலக்கும்.

வீட்டில் செய்வதற்கு 200 மில்லி சோயா சாஸ், 150 மில்லி யூஸுச் சாறு, 50 மில்லி மிரின், 5 கிராம் உலர்ந்த கொம்புக் கடற்பாசி, 10 கிராம் கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீன் சீவல் போதும். மிரின் இனிப்பான அரிசி மது; அதை மட்டும் சிறு பாத்திரத்தில் ஒரு கொதி விட்டுச் சாராய நெடியைப் போக்கி ஆறவைக்க வேண்டும். பழச்சாற்றை அடுப்பில் வைக்கவே கூடாது. மணம் ஆவியோடு போய்விடும். கொம்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும், கழுவ வேண்டாம். எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டியில் ஒன்றாகப் போட்டுக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். சீவலை முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கி மீன் கவிச்சி ஏறும். தானாக வடிய விடுவதே முறை.

கொம்பும் கட்சுவோபுஷியும் சேர்ந்தே போவதற்குக் காரணம் உண்டு. கொம்பின் சுவைக்குக் குளூட்டாமிக் அமிலமே காரணம் என்று 1908இல் கிக்குனாயே இகேடா கண்டறிந்தார். கட்சுவோபுஷியின் சுவை இனோசினிக் அமிலத்தால் வருவது என்று 1913இல் ஷிந்தாரோ கொடாமா காட்டினார். இரண்டும் சேரும்போது சுவை கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு ஏறுகிறது. கட்சுவோபுஷி, சூரை மீனை வேகவைத்துப் பலமுறை புகையூட்டி, மரக்கட்டையாக இறுகும்வரை உலர்த்திச் சீவுவது. இலங்கைச் சமையலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடும் இதே மீன்தான்.

வடித்த அன்றே பொன்ஸுவைப் பயன்படுத்தலாம். ஆனால் சோயாவின் உப்பும் பழத்தின் புளிப்பும் தனித்தனியாக நாவில் தெறிக்கும். ஒரு வாரம் குளிரில் இருந்தால் அந்தக் கூர்மை அடங்கும். புட்டியைக் கழுத்துவரை நிரப்பி இறுக மூடினால் உள்ளே காற்று குறைந்து, மணம் கூடுதல் நாள் நிற்கும். வடிகட்டியில் மிஞ்சிய கொம்பை நறுக்கிச் சீவலோடு சேர்த்து வதக்கினால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

கோச்சியில் இந்தச் சாறு முக்கியமாகச் சேருவது கட்சுவோ தத்தாக்கியோடு: வைக்கோல் நெருப்பில் மேல்புறம் மட்டும் சுட்டு, கனமாக வெட்டிய சூரை மீன். யூஸு கிடைக்காத நாடுகளில் எலுமிச்சைச் சாற்றோடு ஆரஞ்சுச் சாறு கலந்து செய்கிறார்கள். எலுமிச்சை மட்டும் போட்டால் புளிப்பு மிஞ்சும். அளவுகளை நாவுக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம், சோயா சாஸையும் மாற்றிக்கொள்ளலாம். பழத்தை அன்றன்று வெட்டி, சூடு காட்டாமல், அளவோடு பிழிவதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. பொன்ஸுவின் தரம் அங்கேதான் முடிவாகிறது.