இலை என்னும் பெயருடைய இலை

ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், இங்கிலாந்தில் குடியேறிவிட்ட என் தங்கையின் மகள் மதுரைக்கு வந்து எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்காக அடுப்பங்கரையில் எடுத்து வைத்திருந்த பிரிஞ்சி இலை ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒடித்து முகர்ந்துவிட்டு, "மாமா, இது பே லீஃப் இல்லையே!" என்றாள். நானோ ஐம்பது வருஷங்களாக அந்த இலை விழுந்த சோற்றை உண்டு வந்தவன்; கடைப் பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த பெயரும் அதுவே; ஆகவே, சீமைக்குப் போனவர்களுக்கு நம் ஊர்ச் சரக்கில் குற்றம் காண்பது ஒரு பொழுதுபோக்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஆனால் அவள் ஆதாரத்தோடுதான் பேசினாள். அவள் வீட்டு வாசலின் இருபுறமும், லாரல் என்று அந்த நாட்டார் சொல்லும் மரம், தொட்டிக்கு ஒன்றாக நிற்கிறதாம். உச்சியைப் பந்துபோலக் கத்தரித்து, அடிமரத்தைக் கம்பம்போல் விட்டு, பனிக்காலத்திலும் இலையுதிராமல் பச்சென்று நிற்கும் அதை வாசலுக்கு அழகாகவும் அடுப்புக்கு உபயோகமாகவும் வைத்திருக்கிறார்கள். கடும் உறைபனி வந்தால் மட்டும் தொட்டியைச் சுவரோரம் நகர்த்திச் சாக்குச் சுற்றிவிடுவார்களாம். அந்த மரத்தின் காய்ந்த இலைகளை, குழந்தைக்குச் சூப்பு வைத்துக் கொடுப்பதற்காக, அவள் ஒரு சிறு டப்பியில் கொண்டு வந்திருந்தாள். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் என் ஐம்பது வருஷ ஞானம் எத்தன்மையது என்று விளங்கிற்று. அவளுடைய இலையில் நடுநரம்பு ஒன்றே. அதிலிருந்து இருபுறமும் கிளைகள் பிரிகின்றன. நம்முடைய இலையிலோ காம்பிலிருந்து சற்று மேலே மூன்று நரம்புகள் பிரிந்து, மூன்றும் இணைகோடுகள்போல நுனியை நோக்கி ஓடுகின்றன. அவளுடையதை முகர்ந்தால் தைலமரத்தின் நினைவு வருகிறது. தைலமரத்துக்கு மணம் தருகிற சினியோல் என்னும் பொருள்தான் அதிலும் மிகுதியாக இருக்கிறது என்று பின்னால் அறிந்தேன். நம்முடையது பட்டையும் கிராம்பும் கலந்தாற்போல் மணக்கிறது. "அப்படியானால் எது அசல், மாமா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, "நம்முடையதுதான்" என்று தேசாபிமானத்தோடு உடனே பதில் சொல்லிவிட்டு, அந்தப் பதிலுக்கு ஆதாரம் தேடி நான் வெகுநாள் அலைந்தேன்.

முதலில் போனது கீழமாசி வீதி. மொத்த மளிகைக் கடைகள் வரிசையாக அமைந்த அந்த வீதியில், மிளகாய் நெடிக்கும் மல்லி வாசனைக்கும் நடுவே மூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "இந்த இலை எங்கிருந்து வருகிறது?" என்று விசாரித்தேன். "இலையா? வடக்க இருந்து மூடையில வருது சார். நமக்கு அம்புட்டுத்தான் தெரியும். அம்பதா, நூறா?" என்றார். பட்டை என்றார், கிராம்பு என்றார், ஏலம் என்றார். இதை மாத்திரம் இலை என்றார். கடைக்குள்ளேயே எத்தனையோ இலைகள் இருக்க, இதற்கு மட்டும் ஜாதிப்பெயரே சொந்தப் பெயராக ஆகிவிட்டதை அன்று நான் கவனித்தேனே தவிர அதன் பொருளை உணரவில்லை. அங்கிருந்து நாலு கடை தள்ளி நாட்டு மருந்துக் கடையில் அதே இலையைக் காட்டியபோது, "இலவங்கப்பத்திரி" என்று கௌரவமாக ஒரு பெயர் கிடைத்தது. பத்திரி என்றாலும் இலைதான்.

பிரிஞ்சி என்ற பெயரைத் தனியே துருவிப் பார்த்தேன். அதில் தாவர சாஸ்திரம் எதுவும் இல்லை. பாரசீக பாஷையில் 'பிரிஞ்ஜ்' என்றால் அரிசி. அக்பருடைய சபையில் அபுல் ஃபஸல் எழுதிய ஆயினி அக்பரி என்னும் கிரந்தத்தில், அரண்மனைச் சமையல் வகைகளின் வரிசையில் ஜர்த் பிரிஞ்ஜ் என்றும் ஷீர் பிரிஞ்ஜ் என்றும் அரிசிப் பதார்த்தங்கள் இடம்பெற்றிருக்கின்றன. சென்னைக் கல்யாணப் பந்தியில் பிரிஞ்சி என்று பரிமாறப்படும் சோற்றை உண்டவர்கள் அந்தச் சொல் எங்கே வந்து தங்கியது என்பதை அறிவார்கள். சோற்றின் பெயர் அந்தச் சோற்றுக்குப் போடும் இலைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆக, பிரிஞ்சி இலை என்றால் சோற்றிலை என்பதற்குமேல் அர்த்தமில்லை. இப்போது ஜனங்கள் 'பிரியாணி இலை' என்கிறார்களே, அதுவும் அதே வழக்கத்தின் தொடர்ச்சிதான். பெயர் வைத்தவர் சமையற்காரர். மரத்தை அவர் கண்டதில்லை.

மரத்தைக் கண்டவர்களும் முதலில் தடுமாறியிருக்கிறார்கள் என்பது எனக்குச் சற்று ஆறுதல் அளித்தது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், 1753ஆம் ஆண்டு செடிகொடிகளுக்கெல்லாம் ஈரடிப் பெயர் சூட்டியபோது, கருவாப்பட்டை மரம், கற்பூர மரம், கொடைக்கானல் மலைச்சரிவுகளில் இன்று வெண்ணெய்ப்பழம் என்று விற்கிறார்களே அந்த மரம், எல்லாவற்றையும் லாரஸ் என்ற ஒரே இனத்தில் அடைத்துவிட்டார். நம் பிரிஞ்சி மரத்துக்கும், மைசூரிலும் மலையாளத்திலும் யாத்திரை செய்து எழுதிய பிரான்ஸிஸ் புக்கானன் 1822இல் 'லாரஸ் தமாலா' என்றே பெயர் வைத்தார். பின்வந்தவர்கள்தாம் அதைப் பிரித்துக் கருவா இனத்தில் சேர்த்தார்கள். ஆகவே சீமை இலையும் நம் இலையும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்பது வரையில் உண்மை. ஒன்று என்பது பொய். ஒன்றன் தாயகம் மத்தியதரைக் கடலோரம். மற்றதன் தாயகம் இமயமலையின் அடிவாரமும் மேகாலயத்துக் காசி, ஜயந்தியா மலைகளும். அங்கே பத்து வருஷம் வளர்ந்த மரத்திலிருந்துதான் இலை எடுக்கத் தொடங்குகிறார்கள். மழையில் மணம் குறையும் என்று, ஐப்பசிக்கு மேல் வானம் வெளுத்த நாட்களில் சிறு கிளைகளோடு வெட்டி, வெயிலில் உலர்த்திக் கட்டுகளாகக் கட்டுகிறார்கள். உத்தராகண்டத்தில் தேஜ்பாத் என்று வழங்கும் அந்த இலைக்கு 2016இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இவ்வளவோடு தேடலை முடித்திருக்கலாம். ஆனால் புக்கானன் எடுத்துக்கொண்ட 'தமாலா' என்ற சொல் என்னை விடவில்லை. சமஸ்கிருதத்தில் தமாலபத்ரம் என்றால் இந்த இலை; வைத்திய நூல்கள் பட்டை, ஏலம், இது ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரிஜாதம் என்னும்; அங்கும் பல இடங்களில் வெறும் பத்ரம், அதாவது இலை. ஆனால் தமாலம் என்றே இன்னொரு மரமும் இருக்கிறது. ஜயதேவருடைய கீதகோவிந்தத்தின் தொடக்கத்திலேயே காட்டை இருளச் செய்யும் கருநிறத் தமாலம் அதுதான். தமிழில் அதைப் பச்சிலை மரம் என்பர். அதன் இலையைப் பிரியாணியில் போட்டால் ஒரு வாசனையும் வராது. ஒரு பெயருக்குள் இரண்டு மரங்கள் புகுந்துகொள்வதும், ஒரு மரத்துக்கு நாலு பெயர் ஏற்படுவதும் இந்த விஷயத்தில் எனக்குப் பழகிப்போயிற்று.

தமாலபத்ரத்தைக் கிரேக்க வணிகர்கள் காதில் வாங்கிய கதை இன்னும் வேடிக்கையானது. அவர்கள் பாஷையில் 'தா' என்பது பன்மைப் பெயர்களுக்கு முன் வரும் ஓர் இடைச்சொல். 'தமாலபத்ர' என்று இந்தியர் சொன்னதை, 'தா மலபத்ர' என்று அவர்கள் பிரித்துக்கொண்டு, முதலெழுத்தைத் தம் இடைச்சொல்லாக எண்ணித் தள்ளிவிட்டு, மீதியை மலபத்ரோன் என்று கணக்கில் எழுதினார்கள். அந்தக் கணக்கைத்தான் நான், பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் ஊரில் வசித்துக்கொண்டு, வயது அறுபதை நெருங்கும்போது முதன்முறையாக வாசித்தேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்திலிருந்து கப்பலோட்டிய பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்னும் கடற்பயணக் குறிப்பு, சேர நாட்டு முசிறியையும், அதற்குத் தெற்கே பாண்டிய ராஜ்யத்துக்குச் சொந்தமான நெல்சிண்டா என்னும் துறையையும் சொல்லி, அங்கே ஏற்றுமதியாகும் சரக்குகளை அடுக்குகிறது: மிளகு, முத்து, யானைத்தந்தம், பட்டு, கங்கைப் பிரதேசத்து நளதம், அவற்றோடு மலபத்ரோன். அதே நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதிய பிளினி, அந்தத் துறையை ஆளும் பாண்டியன் கடற்கரையில் இல்லை, வெகுதூரம் உள்ளே மோதுரா என்னும் நகரத்தில் வசிக்கிறான் என்று குறித்திருக்கிறார். மோதுரா என்பது நம் மதுரை. இமயத்தில் பறித்த இலை, கங்கை முகத்துவாரத்துக்கு இறங்கி, மதுரை மன்னனுடைய துறையில் ஏறி, ரோமாபுரிக்குப் போயிருக்கிறது. அங்கே அதன் விலையைக் கண்டு பிளினியே ஆச்சரியப்படுகிறார். ஹொரேஸ் என்னும் கவி அதன் தைலத்தைத் தலையில் பூசிக்கொண்டதைப் பாடியிருக்கிறார். அபிசியஸ் பெயரால் வழங்கும் சமையல் நூல் அதைச் சிப்பிக் குழம்பில் சேர்க்கச் சொல்கிறது. தம் வீட்டுத் தோட்டத்தில் லாரல் மரம் செழித்து நிற்க, அந்த இலையைத் தலையில் கிரீடமாகச் சூடிக்கொண்டே, ரோமானியர்கள் நம் இலையைப் பொன் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றால், "எது அசல்?" என்ற கேள்விக்கு அவர்கள் அன்றே பதில் சொல்லிவிட்டார்கள்: அவர்களுக்கு அது வேறு, இது வேறு.

அந்த வணிகக் குறிப்பின் கடைசிப் பகுதியில் வரும் ஒரு காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சீன தேசத்து எல்லைக்கருகே, குட்டையான உடலும் அகன்ற முகமும் கொண்ட ஒரு ஜனக்கூட்டம், பெண்டு பிள்ளைகளோடு பெரிய சுமைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் கூடி, கொண்டுவந்த பாய்களை விரித்துச் சில நாட்கள் திருவிழாக் கொண்டாடிவிட்டு, அவற்றை அப்படியே போட்டுவிட்டுத் தங்கள் மலைக்குத் திரும்பிவிடுகிறதாம். அதற்காகவே காத்திருக்கும் பக்கத்து ஊரார் வந்து அவற்றைப் பொறுக்கி, நாரை உருவிக்கொண்டு, இலைகளை மடித்து உருண்டைகளாக்கி, அந்த நாரிலே கோக்கிறார்கள். பெரிய உருண்டை, நடுத்தரம், சிறியது என்று மூன்று தரம். எவ்வளவு உண்மை, எவ்வளவு கப்பற்காரர் கதை என்று பிரிப்பது கடினம். ஆனாலும் விற்றவனையும் வாங்கியவனையும் நேருக்கு நேர் சந்திக்கவிடாத அந்த வியாபாரத்தைப் படித்தபோது, "வடக்க இருந்து மூடையில வருது" என்ற கீழமாசி வீதிப் பெரியவரின் குரல்தான் என் காதில் ஒலித்தது.

அறியாமை அங்கும் குறைவில்லை. டயாஸ்கரிடீஸ் என்னும் வைத்தியர், இந்தியாவின் சதுப்பு நிலங்களில் வேரில்லாமல் தண்ணீர்மேல் மிதக்கும் இலை இது என்று எழுதினார். அதை மேனாட்டார் பதினைந்து நூற்றாண்டு காலம் நம்பினார்கள். 1563இல் கோவாவில் அச்சான நூலில், கார்சியா ட ஓர்ட்டா என்னும் போர்ச்சுகீசிய வைத்தியர்தாம், இது மரத்தில் துளிர்க்கும் இலை, மிதப்பதுமில்லை, குளத்தில் பிறப்பதுமில்லை என்று அழுத்தம் திருத்தமாக மறுத்தார். இவ்வளவு நூல்களிலும் ரோமானியர் அதற்கு வைத்த சாதாரணப் பெயர் 'ஃபோலியும்' என்பது. லத்தீனில் ஃபோலியும் என்றால் இலை. இதைக் கண்ட அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி, என் சொந்த அறியாமைக்கு வருகிறேன். இவ்வளவும் படித்தபின் ஒரு மரம் வளர்க்க ஆசை பிறந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் பிரிஞ்சிக் கன்று என்று நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி வந்தேன். செம்மண், ஆற்றுமணல், மக்கிய சாணம் கலந்து தொட்டியில் நட்டேன். மதுரை கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிற சமவெளி. சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோ உப்பு. முதல் கோடையில் இலை ஓரமெல்லாம் கருகிற்று. தென்னங்கீற்றால் நிழல் கட்டி, ஐப்பசி மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றினேன். இரண்டாம் வருஷம் துளிர்த்து நிமிர்ந்த இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுநரம்பு ஒன்றே! சீமை லாரலே தவறுதலாகக் கைக்கு வந்துவிட்டது என்று பூரித்துப்போய், ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, தாவர சாஸ்திரம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் ஓடினேன். அவர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "லாரலில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும், இதில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கிறது, பார்த்தீர்களா? கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்து மணக்கிறதே, அது தெரியவில்லையா? இது ஜமைக்காவிலிருந்து வந்த சர்வசுகந்தி, நம் நாவல் மரத்துக்கும் கொய்யாவுக்கும் உறவு" என்றார். அதன் சாஸ்திரப் பெயர் பிமென்டா. காய்ந்த காயைப் பார்த்து மிளகு என்று ஸ்பானியர் எண்ணியதால் வந்த பெயராம்.

ஏமாந்தேன் என்று நான் நினைக்கவில்லை. விற்றவரும் இலையைத்தான் விற்றார். நரம்பை எண்ணாமல் வாங்கியது என் பிழை. பிரிஞ்சி மரம் வளர்க்க ஆசைப்படும் சமவெளிக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மலைக்குளிரில் பிறந்த தேஜ்பாத்தை இங்கே வருத்தாதீர்கள், லாரலுக்கும் ஆசைப்படாதீர்கள், சர்வசுகந்தி நம் வெயிலைப் பொறுத்துக்கொள்கிறது, வருஷம் முழுவதும் பச்சையாக நிற்கிறது, ஈரம் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். என் மரம் தொட்டியிலிருந்து தரைக்கு மாறி, இப்போது மதிற்சுவரைத் தாண்டி நிற்கிறது. இதுவரை பூக்கவில்லை. பக்கத்து வீடுகளில் பிரியாணி வைக்கும் நாட்களில் குழந்தைகள் வந்து, "தாத்தா, ரெண்டு இலை" என்று கேட்டுப் பறித்துக்கொண்டு போகின்றன.

ஆனாலும் எங்கள் வீட்டு மாதச் சரக்கில் அசல் இலையும் உண்டு. கீழமாசி வீதிப் பெரியவர் பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதிவிட்டு, சீட்டின் கடைசியில் இன்றும் 'இலை 50' என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்.