கோட்டைக்கு எதிரே உள்ள தரை

ப்ரொஜெக்டரைப் போட்ட கையோடு அலைன்மென்ட் பார்க்கக் கூடாது. லென்ஸும் அதைத் தாங்கும் உலோகமும் சூடேறி, விரிந்து, ஒரு நிலைக்கு வர அரை மணி நேரமாவது பிடிக்கும். அவசரப்பட்டுச் சரிசெய்தால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் படம் நகர்ந்திருக்கும். அதனால் கட்டடங்களின் மேல் படம் வீசும் எங்கள் தொழிலில் காத்திருப்பு அதிகம். நள்ளிரவு தாண்டி, பூங்காவைப் பூட்டிக் கூட்டமெல்லாம் போன பிறகு, ஏதாவது ஒரு கட்டடத்தின் முகப்பில் வெள்ளைக் கோட்டுக் கட்டங்கள் விழுந்திருக்கும். நாங்கள் வெறும் தரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ வட்டாரத்தில் இப்படிப் பதினெட்டு வருடங்கள் நின்றிருக்கிறேன். சுவரைப் பார்க்க வேண்டிய நான் தரையைப் பார்க்கத் தொடங்கியது இந்தக் காத்திருப்பில்தான்.

டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நான் வேலை செய்ததில்லை. என் வேலையெல்லாம் வேறு இடங்களில். ஆனால் என் வீட்டிலிருந்து அது அரை மணி நேரக் கார் பயணம்தான். சங்கீதம் கற்றவர்கள் கச்சேரிக்குப் போய் உட்காருவதுபோல நான் அங்கே போய் நிற்பேன். என் தொழிலைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி, சின்ட்ரெல்லா கோட்டைக்கு முன்னால் இருக்கிற ‘ஹப்’ என்னும் அந்த வட்ட வெளியில் தெரிந்துகொண்டதுதான்.

1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தபோது அந்த வெளிக்கு வேறு வேலை இருந்தது. மெயின் ஸ்ட்ரீட் வழியாக நேராக நடந்து வருபவர்களை வாங்கி, சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஒவ்வொரு பகுதிக்கும் பிரித்து அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்தைக் கட்டியபோதே வகுத்த திட்டம் அது. அங்கே கோட்டையின் உயரம் 77 அடி, இங்கே 189 அடி. நடுவெளி நடந்து கடக்கும் இடமாக இருந்தது. பெரிய மரங்கள் நின்றன, நிழல் இருந்தது. கோட்டையைச் சுற்றிய அகழியில் 1983 வரை அன்னப் படகுகள்கூட ஓடின. மரக்கிளைகளுக்கு நடுவே கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிவது பகலில் ஓர் அழகு. இரவில் வாணவேடிக்கை என்றாலும் மரங்களால் தொந்தரவில்லை, ஏனென்றால் வேடிக்கை நடப்பது வானத்தில். 2003 முதல் 2017 வரை நடந்த ‘விஷஸ்’ நிகழ்ச்சியைப் பூங்காவின் எந்த மூலையிலிருந்தும் அண்ணாந்து பார்த்துவிடலாம்.

2011இல் கதை மாறியது. ‘தி மேஜிக், தி மெமரீஸ் அண்ட் யூ’ என்ற நிகழ்ச்சியில் அன்றைய தினம் பூங்காவுக்கு வந்தவர்களின் புகைப்படங்களையே கோட்டையின் மேல் வீசிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ‘செலிப்ரேட் த மேஜிக்’ வந்தது. வெடி வானத்துக்குச் சொந்தம், படம் சுவருக்குச் சொந்தம். சுவரில் விழும் படத்தைச் சுவருக்கு எதிரே நிற்பவர் மட்டுமே பார்க்க முடியும். பக்கவாட்டில் நின்றவருக்குக் கோபுரத்தின் ஒரு பாதி இருட்டு. மரத்துக்குப் பின்னால் நின்றவருக்கு ஒன்றுமே இல்லை. கடக்கும் இடமாக இருந்தது ஒரே இரவில் கொட்டகையாகிவிட்டது, ஆனால் தரை இன்னும் பழைய தரையாகவே இருந்தது.

கொட்டகை என்ற சொல் என் கையில் தானாக வருகிறது. என் மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். தரை டிக்கெட்டில் உட்காருபவர்களுக்கு மணல்தான் இருக்கை. முன்னால் இருப்பவர் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார். பின்னால் இருப்பவர் அதைவிடப் பெரிய மேடு கட்டுவார். அதற்குப் பின்னால் சண்டை தொடங்கும். மாமா கார்பன் குச்சிகளை மாட்டி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேபினை விட்டு இறங்கி வருவார். திரை ஓரமாகப் போய், முன் வரிசை மேடுகளைக் காலால் நிரவிவிட்டு, ஒரு தரம் பின்வரிசையில் குந்திப் பார்ப்பார். பிறகுதான் மேலே ஏறுவார். மெஷின்காரருக்கு மணலில் என்ன வேலை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2014, 2015 இரண்டு வருடங்களும் ஹப் முழுக்கத் தடுப்புப் பலகைகள். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்த்தேன். அகழி நீரை வடித்தார்கள், அதில் ஒரு பகுதியைத் தூர்த்து நிலமாக்கினார்கள். ரோஜாத் தோட்டமும் பெரிய மரங்களும் போயின. நடைபாதைகள் அகலமாகின. இரண்டு பக்கமும் புல்வெளிகள் விரிந்தன. கோட்டைச் சுவரின் நீட்சிபோலச் சிறு கோபுரங்கள் எழுந்தன. இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பூங்காவில் நாம் தரை என்று நினைத்து நடப்பது பல இடங்களில் ஒரு கூரை. நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும் சதுப்பு மண் என்பதால், பக்கத்தில் ஏரி தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஊழியர்கள் நடமாடும் சுரங்க வழிகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, அவற்றுக்கு மேல்தான் பூங்காவை வைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை நகர்த்துவதென்றால்கூட அடியில் என்ன போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தப் புல் செயற்கைப் புல். முதலில் பார்த்தபோது மனசு சுருங்கியது. பிறகு ஒரு கோடை மழைக்குப் பின் அங்கே நின்றபோது புரிந்தது. ஃபுளோரிடாவில் கோடை வந்துவிட்டால் பிற்பகல் இடிமழை வாடிக்கை. இரவுக் காட்சிக்கு ஆயிரக்கணக்கான கால்கள் ஈரப் புல்லில் நின்று மிதித்தால் ஒரே வாரத்தில் சேறுதான். செயற்கைப் புல்லில் தண்ணீர் அடியில் வடிந்துவிடும், குழந்தையை இறக்கி விடலாம், வயதானவர்கள் உட்காரலாம். அதே சமயம், போன மரங்களுக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த வெளியைக் கடந்தவர்களுக்கு நிழலின் விலை தெரியும்.

நின்று பார்க்கும் வெளியில் என்ன கணக்குப் போட வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். சமதரையில் எல்லோரும் நின்றால், பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவரின் தலைக்கு மேல் தெரிவது மட்டுமே காட்சி. தகப்பன் குழந்தையைத் தோளில் தூக்கினால் பின்னால் நான்கு வரிசைக்குப் பாதி கோட்டை காணாமல் போகும். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்தக் குழந்தைக்காகத்தானே எல்லாமே. ஆகவே படம் செய்பவர் முகம், கை, கண்ணீர் என்று முக்கியமான எதையும் கோட்டையின் கீழ்ப்பகுதியில் வைக்கக் கூடாது. கீழ்ப்பகுதிக்கு அலை, இலை, தீ போன்றவை போதும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டம் ஏறக்குறைய நான்கடிதான். அவருக்குக் கொஞ்சம் உயர்ந்த, முன்னால் யாரும் நிற்காத இடம் வேண்டும். அதைத் தரையை வரையும்போதே ஒதுக்காவிட்டால் பிறகு கயிறு கட்டித்தான் ஒதுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கோணம். இதைப் பற்றி நான் இரவு முழுக்கப் பேசுவேன். ஒரு சுவரின் கல் முன்னால் துருத்திக்கொண்டு வருவதுபோலக் காட்ட வேண்டும் என்றால், அந்தக் கல்லின் பக்கமுகத்தையும் நிழலையும் ஒரே ஒரு கண்ணுக்காகத்தான் வரைய முடியும். அந்தக் கண் எங்கே நிற்கிறது என்று முதலில் முடிவு செய்கிறோம். மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில், நடுக்கோட்டில், கோட்டைக்கு நேர் எதிரே என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து பார்த்தால் கல் பிதுங்கி வரும். இருபது அடி இடப்பக்கம் போனால் கொஞ்சம் கோணலாகும். புல்வெளியின் ஓரத்துக்குப் போனால் அது கல்லே இல்லை, சாய்ந்துபோன ஒரு சாம்பல் கட்டம். இதற்கு மேல், சின்ட்ரெல்லா கோட்டையே ஒரு கண்கட்டு வித்தை. மேலே போகப் போக ஜன்னலும் கல்லும் அளவில் சிறுத்துக்கொண்டே போகும். 189 அடிக் கோட்டை இன்னும் உயரமாகத் தெரிவது அதனால்தான். படம் வரைபவர் இந்தச் சிறுத்தலையும் மதிக்க வேண்டும். கீழே இருக்கும் அதே அளவுச் செங்கல்லை மேலேயும் வரைந்துவிட்டால், கட்டியவர்கள் செய்த மாயத்தை நாமே கலைத்துவிடுவோம்.

புல்வெளி அகலமாக அகலமாக, நடுக்கோட்டில் நிற்பவர்கள் சிறுபான்மை ஆகிறார்கள். இதை நல்ல மேப்பிங் கலைஞர்கள், அதாவது கட்டடத்தின் வடிவத்துக்கேற்பப் படம் செய்பவர்கள், உடனே புரிந்துகொள்வார்கள். ஆழம் காட்டும் வித்தையைக் குறைத்து, எந்தக் கோணத்திலும் உடையாத வித்தையைத் தேடுவார்கள்: கொடி படர்வது, நீர் வழிவது, ஜன்னல்களில் விளக்கு ஒவ்வொன்றாக ஏறுவது, கட்டடம் முழுக்க நிறம் மாறுவது. ‘செலிப்ரேட் த மேஜிக்’கில் ரெக்-இட் ரால்ஃப் என்ற கார்ட்டூன் பாத்திரம் கோட்டையை உடைக்கும் காட்சியை நான் நடுவிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். நடுவில் பார்த்தது விருந்து. 2017 மே 12 அன்று தொடங்கிய ‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ ஓரத்தில் நிற்பவரையும் அதிகமாக நினைத்துப் பார்த்த நிகழ்ச்சி என்பது என் கணிப்பு. விரிந்த தரை கிடைத்த பிறகு பிறந்தது அது. 2021இல் வந்த ‘என்சான்ட்மென்ட்’ படத்தை மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களின் மேலும் கொண்டுபோனது. தெருவில் பின்னால் மாட்டிக்கொண்டவருக்கும் பக்கத்துச் சுவரிலேயே ஒரு பங்கு கிடைத்தது. 2023 ஏப்ரலில் ‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ திரும்பி வந்தபோதும் தெருவை விடவில்லை. அதைப் பார்த்து நான் மனதுக்குள் கைதட்டினேன்.

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் ஒளி விழாத இடம்தான் எங்கள் கறுப்பு. சுற்றியுள்ள கடை விளக்கு, கம்ப விளக்கு, கையில் தூக்கிப் பிடித்த போன், வெளிர்நிறத் தரையிலிருந்து எதிரொளிப்பது என எல்லாம் சேர்ந்து அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கும். ப்ரொஜெக்டரின் ஒளியைப் பத்தாயிரக்கணக்கில் லூமென் ஏற்றுவதைவிட ஒரு கம்பத்து விளக்கை உரிய நொடியில் அணைப்பது சில சமயம் அதிகப் பலன் தரும். அதேபோல, படத்தை நீளத்திலும் அகலத்திலும் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். நிறமும் கணக்கில் வரும். 2020இல் கோட்டைக்கு ரோஜாச் சாயல் பூசி, கூரைகளை ஆழ்ந்த நீலமாக்கினார்கள். பகலில் கண்ணுக்கு இனிமை. எங்கள் பார்வையில், சிவப்புச் சாய்ந்த சுவர் பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் விழுங்கும், நீலக் கூரை ஒளியையே குடிக்கும். வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக நிறம் திருத்த வேண்டும்.

என் சொந்தப் பிழை ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். வேறொரு பூங்காவில், ஓர் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ப்ரொஜெக்டர் வைத்திருந்தோம். சுவர் அறுபது மீட்டர் தள்ளி. விடியற்காலை மூன்று மணிக்கு, ஜன்னல் விளிம்புகளில் ஒரு நூல்கூட விலகாமல் அலைன்மென்ட் முடித்து, நிம்மதியாகத் தூங்கப் போனேன். அன்று இரவு ஒன்பது மணிக்குக் காட்சி தொடங்கியபோது எல்லா ஜன்னல்களும் சுமார் நான்கு அங்குலம் இடம் பெயர்ந்திருந்தன. வெயில் நாள் முழுக்கக் காய்ச்சிய இரும்பு இன்னும் சூடு ஆறவில்லை. கோபுரம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் திரும்பியிருந்தது. அறுபது மீட்டரில் அது பத்து சென்டிமீட்டர். அன்று கூட்டம் கைதட்டத்தான் செய்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு ஜன்னலும் உறுத்தியது. அதற்குப் பிறகு காட்சி நடக்கும் நேரத்துச் சூட்டில்தான் கடைசித் திருத்தம் செய்கிறேன். வாய்ப்பிருந்தால் இரும்பை விட்டுக் கான்கிரீட்டைக் கேட்கிறேன்.

சிலந்திகளையும் குறிப்பிட்டாக வேண்டும். ப்ரொஜெக்டர் கூண்டின் கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும், ஒளிக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளுக்குச் சிலந்தி வரும். ஒரே ஒரு இழை போதும், கோபுரத்தின் நடுவே மங்கலான ஒரு கீற்று விழும். துணியோடு ஏணி ஏறுவது இந்த வேலையின் அன்றாடப் பூசை.

இந்தக் கலையின் வேர் எங்கே என்று இளைஞர்கள் கேட்டால், 1969இல் டிஸ்னிலாந்தில் திறந்த ‘ஹான்டட் மேன்ஷன்’ வீட்டைச் சொல்வேன். மார்பளவுச் சிலைகளின் மேல், பாடும் மனிதர்களின் முகத்தைப் படமாக விழவைத்தார்கள். மூக்கு மூக்கின் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான் பாடம். பார்வையாளர்கள் வண்டியில் அமர்ந்து ஒரு குறிப்பிட்ட பாதையில்தான் போவார்கள், ஆகையால் எந்தக் கண் எங்கே இருக்கும் என்பது அங்கே முன்கூட்டியே தெரியும். அந்த வண்டித் தடம்தான் அவர்களுடைய தரை. எங்களுக்கு அந்த வசதி இல்லை, எங்கள் கூட்டம் அதுவாக நகரும்.

‘ஹேப்பிலி எவர் ஆஃப்டர்’ தொடங்கிய வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். புல்வெளிக்குச் சீக்கிரமே போய்விட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் புல்லைத் தடவினாள். “ஏண்டா, இது பாய் மாதிரில்ல இருக்கு,” என்றாள். பிறகு இரண்டு கைகளாலும் எதையோ சேர்த்து இழுப்பதுபோல ஒரு சைகை செய்துவிட்டு, “குவிக்க மணலே இல்லையே,” என்றாள். மாமா அவளுடைய அண்ணன்.

விளக்குகள் அணைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நாங்களும் எழுந்தோம். நான் வழக்கம்போலக் கோட்டையின் விளிம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் வெடிப்புகை காற்றில் எங்கள் பக்கம் இறங்கி வந்தது. புகையில் ஒளிக்கற்றைகள் தெரிந்தன, தலைக்கு மேலே, தடித்த வெள்ளைக் கழிகள்போல. ஆயிரக்கணக்கானவர்கள் கோட்டையைப் பார்த்து நிற்க, அம்மா மட்டும் முதுகைக் கோட்டைக்குக் காட்டித் திரும்பி நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று தேடினாள்.

“கேபின் எங்கேடா?”

நான் அவள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, கூரைகள் இருந்த பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். புகை கலையும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.