கடுக்காய்ச் சுவர்

ஆம்பூரில் பள்ளிவாசலை ஒட்டிய தெரு. நாலு மணி வெயில். முதல் உலகப்போர் முடிந்த கையோடு தோல் வியாபாரி ஒருவர் கட்டிய வீடு. இப்போது அவருடைய பேரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கே எழுபது தாண்டியிருக்கும்.

மேஸ்திரி சுவரைத் தட்டுகிறார். போன வருஷம் பூசிய சிமெண்ட், பொரித்த அப்பளம்போல எழும்பி நிற்கிறது. உரித்தால் உள்ளே பழைய சுண்ணாம்பு. அதில் உளி வழுக்குகிறது.

"இதுல என்ன பாய் கலந்தாங்க?"

"கடுக்காத் தண்ணி, வெல்லம். கடுக்கா டேனரியில மூட்டை மூட்டையா கெடந்துச்சே."

ஆவாரம்பட்டையில் ஊறிய தோலைக் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டு எடுப்பார்கள். லண்டன் ஏலத்தில் 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) என்று பேர் வாங்கிய சரக்கு அது. போரில் பட்டாளத்து பூட்ஸுக்காக சர்க்காரே வாரி வாங்கியது. அந்தக் காசுதான் இங்கே தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கலை நிறுத்திக் கெட்டித்த மெட்ராஸ் டெரஸ்.

முன்கூடம் மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் தரகர்களுக்கு. கோஷாப் பெண்களுக்குச் சந்தில் தனி வாசல். தெருப்பக்க ஜன்னலின் கீழ்ப்பாதியில் சாய்த்து அடித்த மரச்சட்டங்கள்: உள்ளிருந்து தெரு தெரியும், தெருவிலிருந்து உள்ளே தெரியாது. டேனரி பாலாற்றங்கரையில். திரும்பி வந்ததும் சட்டை மாற்ற வாசலோரம் ஓர் அறை. கட்டியவர் கெட்டிக்காரர்தான், நாற்றத்தை ஆற்றோடு விட்டுவிட்டு லாபத்தை மட்டும் வீட்டுக்குள் விட்டார்.

முற்றத்தின் குறுக்கே இப்போது ஹாலோ பிளாக் சுவர். பாகப்பிரிவினை. அந்தப் பக்கத்து மாடியில் ஷூவுக்கு அப்பர் தைக்கும் மெஷின்கள் ஓடுகின்றன.

மேஸ்திரி சிமெண்ட் துண்டின் பின்புறத்தை விரலால் தேய்க்கிறார். வெள்ளைப் பொடி. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புகிறார்.

"உப்பு பாய். போர்வெல் தண்ணியில கலந்திருக்காங்க."

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டுத்தான் வைப்பார்கள். அதைக் கழுவிய தண்ணீர் இந்த மண்ணில் இறங்கியது எத்தனை காலம்! டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் போட்டது. வாசலில் நிறுத்திய சங்கதி, கிணற்று வழியாகச் சுவருக்குள் ஏறிவிட்டது.

"அப்ப சுண்ணாம்பே பூசிடு."

"பூசலாம். அதுக்கும் நல்ல தண்ணி வேணும். லாரி சொல்லிடுங்க."

பெரியவர் போனை எடுக்கிறார். "அர லாரி வருமா?"

மேஸ்திரி தலையாட்டுகிறார். "முழுசாத்தான் தருவாங்க."