எட்டாத பக்கம்

செஞ்சி என்றதும் நம்மில் பலருக்குத் தேசிங்கு ராஜன் ஞாபகம் வருகிறான். அவனுடைய குதிரையும் கூடவே வருகிறது. எனக்கு முக்கோணம்தான் ஞாபகம் வருகிறது. ரசனை கெட்டவன் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஆனால் அவலூர்பேட்டையில் பஸ் ஏறிச் செஞ்சியில் போய் இறங்குகிறவனுக்கு வேறு என்னதான் தோன்றும்? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் பிணைத்து ஓடும் மதில். கோட்டையைக் கட்டியவன் கேத்திர கணித நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே கட்டினானோ என்று தோன்றும்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி என்கிறார்கள். உச்சியிலிருந்து கயிறு விட்டுப் பார்த்து யாரும் இதைச் சொல்லவில்லை. விட்டாலும் கயிறு பாறைச் சரிவில் படுத்துக்கொள்ளுமே தவிர நேராக இறங்காது. தரையில் ஒரு தூரத்தை அளந்துகொள்ள வேண்டியது. அதன் இரு முனைகளிலும் நின்று உச்சியைப் பார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியது. மிச்சத்தைக் கணக்கு சொல்லிவிடும். கால் படுகிற இடத்தை அளந்து கால் படாத இடத்தைத் தெரிந்துகொள்வது. திரிகோணமிதி என்று பயமுறுத்தும் பெயர் வைத்திருக்கிறார்களே, அதன் சமாசாரம் இவ்வளவுதான்.

இந்த வித்தையை நம் சீமையில் பிரம்மாண்டமாகச் செய்து காட்டியவர் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1802 ஏப்ரலில், சரியான சித்திரை வெயிலில், சென்னைப் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். 100 அடி உருக்குச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளுமே என்று அதற்குக் கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, வெப்பமானி வைத்துச் சூடு பார்த்து, வாரக்கணக்கில் அளந்தார்கள். மனிதர்களுக்கு எவ்வளவு நிழல் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

ஏன் இத்தனை பாடு? அந்த ஒரு கோடு சரியாக இருந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்து தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்தால் ஒரு முக்கோணம். அதில் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இப்படி மலைக்கு மலை தாவிக்கொண்டே போகலாம், சங்கிலியைத் தொடாமல். மதுராந்தகத்துப் பக்கம் கருங்குழியிலிருந்து மேற்கே, ஆங்கிலப் பதிவுகள் கர்நாடிகர் என்று எழுதுகிற மலை வரையில் சுமார் 55 மைல் தூரத்தை லாம்டன் இவ்விதம்தான் கண்டுபிடித்தார். அந்தக் கோடு எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே, ஆகாச மார்க்கமாகப் போயிற்று. கீழே ஏர் பிடித்துக்கொண்டிருந்தவருக்குத் தம் தலைக்கு மேல் ஒரு பக்கம் போவது தெரிந்திருக்க நியாயமில்லை.

கோணம் பார்ப்பதற்கு அவர் லண்டனிலிருந்து தருவித்த தியோடலைட் அரை டன் எடை. வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குத் தப்பிய கருவி 1808-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் மாட்டிக்கொண்டது. மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதியதில் வட்டம் நசுங்கிவிட்டது. லாம்டன் கூடாரத்தில் உட்கார்ந்து, தம் கையாலேயே தட்டித் தட்டி அதை நிமிர்த்தினார்.

அளந்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கியவர்களுக்கு 'கம்ப்யூட்டர்' என்று உத்தியோகப் பெயர். கம்ப்யூட்டர் என்றால் அப்போது வேட்டி கட்டிய மனிதர். லாகரிதம் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரே கணக்கை இருவர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப் பார்ப்பது வழக்கம். வங்காளத்து ராதாநாத் சிக்தார் 1831-ல் இந்த வேலையில் சேர்ந்து தலைமைக் கணக்கரானார். பின்னாளில் எவரெஸ்ட் என்று பெயர் சூட்டப்பட்ட சிகரத்தின் உயரக் கணக்கோடு அவர் பெயரும் சேர்ந்தே பேசப்படுகிறது.

இன்று அந்தப் பெரிய மனிதர்களின் வேலையை என் அண்ணன் பேரனுடைய டெலிபோன் செய்கிறது. எப்படிச் செய்கிறது என்பதை அவலூர்பேட்டையில் என் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் தோட்டத்தில் ஒரு கிழட்டுத் தென்னை. இடி விழுந்து கொண்டை போய், மொட்டை மரமாகக் கருகி நின்றது. ஐப்பசிக் காற்றுக்கு முன்னால் சாய்த்தாக வேண்டும். ஒரு பக்கம் மின்சாரக் கம்பி. ஒரு பக்கம் கிணறு. பின்னால் மாட்டுக் கொட்டகை. சாய்ப்பதென்றால் அடுத்த வீட்டு அம்மாளின் ஓட்டு வீட்டை நோக்கித்தான் சாய்க்க வேண்டும். நடுவே 60 அடி வெறும் மண். மரம் அதற்குள் அடங்கினால் அடியில் வெட்டிக் கயிறு கட்டி இழுத்துவிடலாம். அடங்காவிட்டால் ஒருவன் மேலே ஏறித் துண்டு துண்டாக அறுத்து இறக்க வேண்டும். மரம் வெட்டுகிறவர் தண்டைத் தட்டிப் பார்த்தார். "உள்ளே உளுத்துப் போச்சுங்க. ஏறச் சொன்னா ஏறறேன். பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

பேரன் ஓடிப்போய்க் கோணமானியும் நூலும் கல்லும் கொண்டுவந்தான். மரத்திலிருந்து 47 அடியில், எல்லைக் கல்லருகே நின்று பார்த்தான். 45 டிகிரி. டெலிபோனைத் தட்டினான். "டான் 45, ஒண்ணு புள்ளி ஆறு இரண்டு. நாற்பத்தேழால பெருக்கினா எழுபத்தாறு. என் கண் உயரம் அஞ்சு அடி. எண்பத்தொரு அடி, தாத்தா!"

அடுத்த வீட்டு அம்மாள் "ஐயோ, என் ஓடு!" என்றாள். மரம் வெட்டுகிறவர் பேசாமல் துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"இருங்க, ஏறாதீங்க" என்றார் அண்ணன். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. "ஏண்டா, செங்கோண முக்கோணத்துல ஒரு கோணம் நாற்பத்தஞ்சுன்னா மத்தது என்ன?"

"நாற்பத்தஞ்சு."

"அப்ப ரெண்டு பக்கமும்?"

பையன் விழித்தான். "சமம், தாத்தா."

"நாற்பத்தேழும் அஞ்சும் அம்பத்திரண்டு. இதுக்கு மெஷின் எதுக்கு?"

மெஷின் பொய் சொல்லவில்லை. அதை டிகிரிக்குப் பதில் ரேடியனில் வைத்திருந்தான் பையன். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. ரேடியனில் அது ஆறே காலுக்குக் கொஞ்சம் அதிகம். ஆகவே 45 என்றதும் அது ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு மேலும் கொஞ்சம் போய் நின்று, அங்கே கண்டதைச் சொல்லியிருக்கிறது. கோணம் 50-ஆக இருந்திருந்தால் மரத்தின் உயரம் கழித்தல் குறியோடு வந்திருக்கும். மரம் பூமிக்குள் வளர்கிறதா என்று சிரித்துவிட்டுத் திருத்தியிருப்போம். 45-க்கு வந்த விடை நம்பும்படியாக இருந்ததுதான் வினை. 81 அடித் தென்னையும் உலகத்தில் இருக்கத்தானே இருக்கிறது!

டிகிரிக்கு மாற்றி மறுபடி தட்டினான். 52 வந்தது. அண்ணன் அதோடு விடவில்லை. 47 அடியையும், வீடு வரையிலான 60 அடியையும் நாடாவைப் பிடித்து இன்னொரு தரம் அளக்கச் சொன்னார். பையன் முணுமுணுத்துக்கொண்டே அளந்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மரம் சாய்ந்தது. நுனி மண்ணில் மோதித் தூள் பறந்தது. ஓடு ஒன்றுகூட அசையவில்லை. மரம் வெட்டுகிறவர் உள்ளே உளுத்த இடத்தில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, பேரனுக்கும் காட்டினார். அடுத்த வீட்டு அம்மாள் நுனித் துண்டு தன் வீட்டுப் பக்கம்தான் விழுந்தது என்றும், ஆகவே அது தன் அடுப்புக்குத்தான் சேரவேண்டும் என்றும் அண்ணனிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.