பாலைவன ஊரில் கேட்ட பாடம்

அமெரிக்கா என்றாலே பனி கொட்டும் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. என் தங்கை குடியிருக்கும் டூசான் நகரிலோ எங்கே திரும்பினாலும் வெயிலும் கள்ளியும்தான்! அரிஸோனா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த பாலைவன ஊர் இது. 'சவாரோ' என்கிற கள்ளி பனைமரம் போல ஓங்கி நிற்கிறது. அது கிளை விடவே ஐம்பது, அறுபது வருஷத்துக்கு மேல் ஆகுமாம். ஜூலையில் மழைக்காலம் தொடங்குகிறது. முதல் தூறல் விழுந்ததும் 'கிரியோசோட்' புதரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், நம்மூர் மண்வாசனை தோற்றது போங்கள்!

நூறு வருஷங்களுக்கு முன்பு காசநோய்க்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் உலர்ந்த காற்றைத் தேடி இங்கே வந்து, கூடாரம் அடித்துக்கூடத் தங்கினார்களாம். தங்கை வீட்டுக்காரருக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது அவளுக்கும் அதே நம்பிக்கைதான். இரண்டு வயதுப் பையனுக்கு ஜலதோஷம் பிடித்தால் போதும், நெஞ்சு 'கொய் கொய்' என்று இழுக்கும். ஆனால் இங்கே வந்தும் இழுப்பு நிற்கவில்லை. நான் போய் இறங்கிய மறுவாரமே ஒரு ராத்திரி முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "பேசாம வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துடலாமாக்கா?" என்று அழுதாள்.

பாலைவனக் காற்று சுத்தம் என்று நினைக்கிறோம். நிழலுக்காக இங்கே குடியேறியவர்கள் மல்பெரி, ஆலிவ் மரங்களை நட்டார்கள். அவற்றின் மகரந்தம் ஊரையே தும்ம வைத்ததில், 1980களில் அந்த மரங்களுக்குத் தடையே போட்டார்கள். போதாததற்கு 'ஆல்டர்னேரியா' என்று ஒரு பூஞ்சைக் காளான் வேறு. இங்கே வளரும் குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கு அதன் ஒவ்வாமையோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறதாம்.

மறுநாள் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். இதே ஊரில், அரிஸோனா பல்கலைக்கழகத்தார் 1980 முதல் 1,200க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்தே கவனித்து வந்தார்களாம். 1995ல் வெளியான முடிவுப்படி, மூன்று வயதுக்குள் இழுப்பு வந்த குழந்தைகளில் 100க்கு 60 பேருக்கு ஆறு வயதில் இழுப்பே இல்லை!

அந்தக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே மூச்சுக்குழல் குறுகல். சளி பிடித்து வீங்கினால் காற்று விசிலடிக்கிறது. வளர வளரக் குழல் அகலமாகி விடுகிறது. கர்ப்பத்தில் தாய் புகைத்திருந்தால் இது அதிகம். மீதி 40 பேருக்கு இழுப்பு தொடர்ந்தது. அவர்களில்தான் தாய்க்கு ஆஸ்துமா, குழந்தைக்குத் தோல் கரப்பான், ஒவ்வாமை போன்றவை கூடுதல்.

"சளி இல்லாதப்பவும் இழுக்குதா? உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது ஆஸ்துமா உண்டா? கரப்பான் வந்ததா?" என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றாள் தங்கை. "அப்படின்னா பெரும்பாலும் விட்டுடும். ஆனா சத்தியம் பண்ண முடியாது. அதுவரை வர்ற இழுப்பை நல்லா கவனிப்போம்" என்றார். முகமூடி வைத்த ஸ்பேசர் குழாயில் இன்ஹேலர் கொடுக்கும் முறையையும் எங்கள் எதிரிலேயே செய்து காட்டினார். ஊர் திரும்பும் பேச்சு அன்றோடு நின்றது.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தடவை இழுத்துவிட்டால் ஆயுசுக்கும் ஆஸ்துமா என்று பயப்பட வேண்டாம். தானாகச் சரியாகிவிடும் என்று வைத்தியம் பார்க்காமலும் இருக்க வேண்டாம். எந்த மாதம், எதனால் இழுத்தது, சளி இருந்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் சிகரெட், சாம்பிராணி, கொசுவத்திப் புகை வேண்டாம். மூச்சு விடும்போது விலா உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

காற்று மாற்றத்துக்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. டூசானுக்குப் போனால் கள்ளிக்காட்டையும் மழை வாசனையையும் அனுபவித்துவிட்டு வாருங்கள்!